சித்தப்பாவின் கிற்றாருக்குள் ஒரு பற்றரி

புலம்பெயர்ந்து வந்த எங்கள் வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையைத் திறந்தால் என்ன கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு கலியாணத்துக்கு வாங்கிப் பிறகு பாவிக்காத பெரிய சட்டி, ஊருக்கு அனுப்பவென்று கட்டி அனுப்பாமலே விட்ட உடுப்புப் பொதி, ஓடாத தையல் மெசின். எங்கள் வீட்டில் இவற்றோடு ஒரு மின்கிற்றாரும் இருந்தது. அது சித்தப்பாவுடையது. லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த நாட்களில், 1989 இல், யாரோ பாவித்ததை அவர் வாங்கினார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் ஜப்பானில் செய்த மலிவான கிற்றார். சனிக்கிழமை இரவுகளில் கலியாண வரவேற்பு, பிறந்தநாள், சாமத்தியவீடு என்று மண்டபம் மண்டபமாகப் போய் அவர் பைலாவும் பழைய சினிமாப் பாட்டும் வாசித்தது இதில்தான்.

அவர் போய் மூன்று வருடமாகிறது. இந்தக் கோடையில் பதினாறு வயதான எங்கள் மகள் அதை வெளியே எடுத்தாள். வாசிப்பதோடு அவள் நிற்கவில்லை. கிற்றாருக்குள்ளேயே ஒரு 'ஃபஸ்' வைக்க வேண்டும், பழுதான பாகங்களை மாற்ற வேண்டும் என்றாள். ஃபஸ் என்பது கிற்றாரின் சத்தத்தைக் கரகரப்பாக, கிழிந்த ஒலிபெருக்கியில் வருவது போல ஆக்கும் சிறு மின்சுற்று. வழக்கமாக அது காலால் மிதிக்கும் பெட்டியாக நிலத்தில் இருக்கும். அதைக் கிற்றாரின் வயிற்றுக்குள் வைப்பதுதான் அவளுடைய யோசனை.

சித்தியிடம் கேட்கப் போனோம். "வாசிக்கட்டும், அவருக்கும் அதுதான் விருப்பம். ஆனா அவர் தொட்ட சாமான் ஒண்டையும் எறிஞ்சு போடாதேங்கோ" என்றார். அந்த ஒரு வசனம்தான் முழு வேலைக்கும் சட்டமாகியது. மரத்தில் புதிதாக ஒரு துளையும் போடுவதில்லை. கழற்றுவது எல்லாம் பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் போக வேண்டும். என்றைக்கும் பழையபடி பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

மின்கிற்றாரைத் திறந்து பார்க்கப் பலருக்குப் பயம். உண்மையில் உள்ளே இருப்பது மிகக் கொஞ்சம். கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிப் பல ஆயிரம் தடவை சுற்றிய மயிர் போன்ற செப்புக் கம்பியும்தான். உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. அது எந்தப் பிக்கப்பில் இருந்து வருவது என்பதை ஒரு ஆளி தெரிவு செய்கிறது. வொலியூம் குமிழ் அதைக் கூட்டிக் குறைக்கிறது. ரோன் குமிழ் ஒரு கொள்ளளவியின் வழியாக உச்ச ஒலியை நிலத்துக்கு வடித்துவிடுகிறது. பிறகு ஜாக், அங்கிருந்து கேபிள். இதற்குப் பற்றரியே தேவையில்லை. ஒலிபெருக்கியோடு இணைக்காத கிற்றாருக்குள் ஆபத்தான மின்சாரம் எதுவும் இல்லை. (ஒலிபெருக்கியைத் திறப்பது முற்றிலும் வேறு கதை. வால்வு வைத்த பழைய ஒலிபெருக்கிகள் பிளக்கைக் கழற்றிய பிறகும் சில நூறு வோல்ற்றைத் தேக்கி வைத்திருக்கும். அதில் பிள்ளைகளைக் கை வைக்க விடாதீர்கள்.)

விளைவுக் கருவிகளைக் கிற்றாருக்குள் வைக்கும் ஆசை புதியதல்ல. 1960களின் நடுவில் டார்ட்ஃபோர்ட்டில் இருந்த வொக்ஸ் நிறுவனம் கிற்றாரையும் ஓகனையும் ஒன்றாக்கிய கருவியை வெளியிட்டது. அதன் ஸ்டார்ஸ்ட்ரீம் கிற்றாரில் கரகரப்பு, வா-வா, சத்தத்தை வெட்டி வெட்டித் தரும் சுற்று, சுதி சேர்க்க ஒரு ஒலி என எல்லாமே உள்ளே இருந்தன. குமிழும் ஆளியுமாக அது விமானத்தின் முன்பலகை மாதிரி இருக்கும். எங்கள் எண்ணத்தில் அதுதான் செய்யக்கூடாத வழி. எரிக் கிளாப்டனின் பெயரில் பெண்டர் 1988 இல் வெளியிட்ட கிற்றாரில் இருப்பதோ நடு ஒலிகளை 25 டெசிபல் வரை உயர்த்தும் ஒரே ஒரு சுற்று. அது இன்றுவரை விற்பனையாகிறது. மியூஸ் குழுவின் மத்யூ பெல்லமிக்கு டெவனைச் சேர்ந்த ஹியூ மான்சன் செய்து கொடுத்த கிற்றார்களிலும் ஃபஸ் உள்ளேயே இருக்கிறது. மகளுக்கு ஆசை பிறந்தது அங்கேதான்.

எங்களுக்குப் பிடித்த உதாரணம் மேற்கு லண்டன் பெல்தத்தில் நடந்தது. 1963 இல், பதினாறு வயதில், பிரையன் மேயும் அவரது தந்தை ஹரல்டும் வீட்டிலேயே ஒரு மின்கிற்றார் செய்யத் தொடங்கினார்கள். கடையில் வாங்கக் காசு இல்லை. கழுத்து ஒரு பழைய கணப்பு அடுப்பின் மேற்பலகை மரம். அதிர்வுக் கையின் வில்கள் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வில் இருந்து வந்தவை, அந்தக் கையின் நுனி அம்மாவின் பின்னல் ஊசி. முடிக்க ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது. அந்தக் கிற்றாருக்குள்ளும் முதலில் ஒரு கரகரப்புச் சுற்று இருந்தது. பிறகு அதைக் கழற்றி, ஆளி இருந்த துளையைச் சிப்பியில் வெட்டிய ஒரு நட்சத்திரத்தால் மூடினார்கள். படங்களில் அந்த நட்சத்திரத்தை இன்றும் பார்க்கலாம். அதே பெல்தத்துக்கு 1964 இல் சன்சிபார் புரட்சியில் இருந்து தப்பி ஒரு பார்சிக் குடும்பம் வந்து சேர்ந்தது. அந்த வீட்டுப் பிள்ளைதான் பிறகு பிரெடி மெர்க்குரி ஆனவர். சில தெருக்கள் தள்ளி இருந்த இந்த இருவரும் பின்னர் குயீன் குழுவில் ஒன்றாக நின்றார்கள்.

வாத்தியத்தில் கை வைப்பது பிழை என்று சொல்லும் பெரியவர்கள் எங்களிடமும் உண்டு. அவர்களுக்கு எல். சங்கரை நினைவுபடுத்துவோம். அவருடைய தந்தை வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்தோடு அந்தக் குடும்பம் சென்னைக்குப் போனது. சங்கர் பிற்காலத்தில் இரண்டு கழுத்தும் பத்துக் கம்பியும் கொண்ட மின்வயலின் ஒன்றை வடிவமைத்து, அமெரிக்காவில் கென் பார்க்கரைக் கொண்டு செய்வித்தார். மண்டலின் ஸ்ரீனிவாஸ் எட்டுக் கம்பி மண்டலினை ஐந்து கம்பி மின்மண்டலினாக மாற்றித்தான் கச்சேரி செய்தார்.

இனி எங்கள் மேசைக்கு வருவோம். முதல் வேலை வாங்குவதல்ல, அளப்பது. 1980களில் ஜப்பானில் செய்த சில கிற்றார்கள் இன்று நல்ல விலைக்குப் போகின்றன. அவற்றில் ஒரு திருகாணியை மாற்றினாலும் விலை குறையும். எங்களுடையது அப்படியானதல்ல என்று தெரிந்துகொண்ட பிறகே முன்பலகையின் பதினொரு திருகாணிகளையும் கழற்றினோம். உள்ளே மரத்தை அகலமாக ஒரே குழியாகக் குடைந்திருந்தார்கள். மலிவான வேலைதான், ஆனால் எங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு 9 வோல்ற் பற்றரியும் தீப்பெட்டி அளவான சுற்றும் வைக்க இடம் இருந்தது.

எந்த விளைவை உள்ளே வைப்பது என்பதைப் பற்றரிதான் தீர்மானிக்கிறது. சாதாரண அல்கலைன் 9 வோல்ற் பற்றரி ஏறக்குறைய 500 மில்லி அம்பியர்-மணி கொள்ளும். எதிரொலி தரும் டிஜிற்றல் சுற்று ஒன்று 50 மில்லி அம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும், பத்து மணித்தியாலத்துக்குள் பற்றரி செத்துவிடும். இரண்டு திரான்சிற்றர் கொண்ட ஃபஸ் இழுப்பது ஒரு மில்லி அம்பியர் அளவு. நூற்றுக்கணக்கான மணி நேரம் போகும். எங்கள் கிற்றாரில் பற்றரி மாற்றுவதென்றால் கம்பிகளைத் தளர்த்தி முன்பலகையைக் கழற்ற வேண்டும். அதை வருடத்துக்கு ஒரு தரம் செய்யலாம், வாரம் ஒரு தரம் முடியாது. எதிரொலியும் வா-வாவும் நிலத்துப் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று மகளோடு பேசி முடிவெடுத்தோம். முடிவெடுக்க இரண்டு நாள் போனது.

நாங்கள் தெரிவு செய்தது 1966 இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸின் சுற்று. இரண்டு திரான்சிற்றர், நான்கு தடையி, மூன்று கொள்ளளவி, இரண்டு குமிழ், அவ்வளவுதான். தொடக்கத்தில் அதில் ஜேர்மானியம் திரான்சிற்றர் வைத்தார்கள். அவை சூட்டுக்குக் குணம் மாறும். பிறகு வந்த சிலிக்கன் வகை அப்படி ஆடாது. அதனால் பிசி 108 வாங்கினோம். சுற்றை வொலியூம் குமிழுக்குப் பிறகு வைப்பது முக்கியம். இந்த ஃபஸ்ஸின் சிறப்பே, வொலியூமைக் கொஞ்சம் குறைத்தால் கரகரப்பு அடங்கித் தெளிவான சத்தம் வருவதுதான். குமிழுக்கு முன்னால் வைத்தால் அந்த நயம் போய்விடும்.

துளை போடாமல் ஆளி எங்கே வைப்பது? இழுத்தால் ஒரு நிலை, அமத்தினால் ஒரு நிலை என்று ஆளியையும் தன்னோடு சேர்த்துக் கொண்ட குமிழ்கள் விற்கின்றன. கடைசி ரோன் குமிழைக் கழற்றி அதே துளையில் அதைப் பூட்டினோம். அமத்தினால் ஃபஸ் முழுதாக வெளியே நிற்கும், பிக்கப்பின் சத்தம் நேராக ஜாக்குக்குப் போகும். மேடையில் பற்றரி செத்தாலும் கிற்றார் ஊமையாகாது. ஆனால் வாங்குவதற்கு முன் குழியின் ஆழத்தை அளவுங்கள், இந்தக் குமிழ்கள் சாதாரணமானவற்றைவிட நீளம். ஜப்பான் குமிழின் தண்டும் அமெரிக்கக் குமிழின் தண்டும் ஒரே பல் கணக்கு அல்ல. சித்தப்பாவின் பழைய பிளாஸ்டிக் மூடியைப் புதிய தண்டில் போட முயன்று அரைமணி நேரம் வீணாக்கினோம். அதுவும் ரின்னுக்குள் போனது.

பற்றரிக்குத் தனி ஆளி தேவையில்லை. மொனோ ஜாக்கைக் கழற்றி ஸ்ரீரியோ ஜாக் பூட்டினோம். அதன் நடு முனையில் பற்றரியின் கறுப்பு வயர். சாதாரண கிற்றார் பிளக்கைச் செருகும்போது பிளக்கின் உடல் அந்த நடு முனையையும் நில முனையையும் தொட்டு இணைக்கும், மின்சாரம் ஓடும். பிளக்கை எடுத்தால் நின்றுவிடும். யாரோ ஒரு கெட்டிக்காரன் யோசித்த வழி. ஒரே குறை, வாசித்து முடித்துப் பிளக்கை எடுக்க மறந்தால் பற்றரி விடிய விடியக் கரையும்.

ஃபஸ் எல்லாவற்றையும் பெருக்கும், இரைச்சலையும்தான். ஒற்றைச் சுருள் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை வாங்கும். எதிர்த் திசையில் வேலை செய்யும் இரண்டு சுருள்களைச் சேர்த்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும். 1955 இல் கிப்சனில் சேத் லவர் செய்த ஹம்பக்கர் இந்தத் தத்துவம்தான். ஒற்றைச் சுருளின் அளவிலேயே செய்த ஹம்பக்கர்கள் இப்போது கிடைக்கின்றன. பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள பிக்கப்பை மட்டும் அப்படி மாற்றினோம். கழுத்துப் பக்கத்தில் இருப்பதைத் தொடவில்லை, சித்தப்பா அதிகம் வாசித்தது அதில். குழியின் உட்சுவருக்குச் செப்பு நாடா ஒட்டி அதை நிலத்தோடு இணைத்தோம்.

சுதிச் சாவிகளையும் மாற்ற நினைத்திருந்தோம், கம்பி இளகிக்கொண்டே இருந்தது. வந்த புதுச் சாவிகளின் திருகாணித் துளை பழையதோடு பொருந்தவில்லை. பூட்டுவதென்றால் மரத்தில் துளைக்க வேண்டும். திருப்பி அனுப்பிவிட்டோம். பழையவற்றின் திருகாணிகளை இறுக்கி, கம்பியைச் சரியாகச் சுற்றியதும் சுதி நின்றது. பிழை முழுவதும் சாவியில் இல்லை.

பற்றாசு பிடித்தது மகள். யன்னலைத் திறந்து வைத்து, முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும் என்பது மட்டும் எங்கள் நிபந்தனை. எல்லாம் பூட்டி ஒலிபெருக்கியைப் போட்டபோது தேனீக்கூடு கலைந்தது போல இரைந்தது. கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் குறையவில்லை. அதுவே துப்பு. கம்பிகள் பாலத்தின் வழியாக நிலத்தோடு இணைந்திருக்க வேண்டும், தொட்டால் இரைச்சல் அடங்க வேண்டும். திரும்பவும் பதினொரு திருகாணி. பாலத்துக்குப் போகும் மெல்லிய வயர் நாங்கள் பலகையைத் தூக்கியபோது அறுந்திருந்தது. மகள் எங்களைப் பார்த்த பார்வையை எழுத முடியாது, தூக்கியது நாங்கள்தான்.

போன ஞாயிறு சித்தி வந்தார். மகள் குமிழை இழுத்துவிட்டு வாசித்தாள். சித்தி காதைப் பொத்தவில்லை, ஆனால் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பழைய சத்தம் இனி வராதோ பிள்ளை?" என்று கேட்டார். மகள் குமிழை அமத்தி, ஆளியைக் கழுத்துப் பிக்கப்புக்குத் தள்ளி, சித்தப்பா வழக்கமாகத் தொடங்கும் பைலாத் தாளத்தைப் பிடித்தாள்.

"அவர் இன்னும் சத்தமா வைப்பார்" என்றார் சித்தி. மகள் ஒலிபெருக்கியைக் கூட்டினாள்.