பழைய கிற்றாரும் புதிய மெருகும்

கிற்றார் மேனாட்டு வாத்தியமேயாயினும் வன்னிக்கு அந்நியமானதன்று. முல்லைத்தீவுக் கரையோரத்துத் தேவாலயங்களிலும் பாடசாலை மேடைகளிலும் அதன் ஒலியைக் கேட்டு நாம் பழகியிருக்கின்றோம். அதன் உறுப்புகளுக்கு வீணையின் பெயர்களே பொருந்தி வருகின்றன. தந்திகளைத் தாங்குவது குதிரை. விரல் அழுத்தும் பலகையிலே பதித்த உலோகக் கம்பிகள் மெட்டுகள். சுருதி கூட்டுவதற்குத் திருகுபவை பிரடைகள். ஆதலின் வீணையின் நோய் அறிந்தவருக்குக் கிற்றாரின் நோயும் எளிதிலே விளங்கும்.

மரத்தாலான பெட்டி ஒன்று ஏன் இத்துணை விரைவிலே பழுதுறுகின்றது? அதன் மேற்பலகை 3 மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது. சுருதி கூட்டிய உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் அதனை இழுத்துக்கொண்டிருக்கின்றன. வளர்ந்த மனிதர் ஒருவரை அம்மெல்லிய பலகையிலே இரவு பகலாகத் தொங்கவிட்டதை அது ஒக்கும். பலகையின் உட்புறத்தில் ஒட்டிய சட்டங்களே அதனைக் காக்கின்றன. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனத்தார் 1840களிலே இச்சட்டங்களைப் பெருக்கற்குறி போலக் குறுக்கிட்டு அமைக்கலாயினர். அம்முறையே பிற்காலத்தில் உருக்குத் தந்திகளின் இழுவைக்கும் ஈடுகொடுத்தது.

இவற்றோடு நம் பகுதியின் காலநிலையும் சேர்கின்றது. கிற்றாருக்கு இசைந்த ஈரப்பதன் 45 முதல் 55 வீதம் என்பர். வன்னியிலோ மாரிகாலத்தில் பலகை ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றது. சோளகக் காற்று வீசும் காலத்தில் உலர்ந்து சுருங்குகின்றது. ஆண்டுதோறும் இவ்வாறு விரிந்து சுருங்கும் பலகை வெடியாதிருந்தாலன்றோ வியப்பு! தகரக் கூரையின் வெப்பத்தில் தொங்கவிட்டால், குதிரையை ஒட்டிய பசையும் இளகிவிடும்.

பழுது பார்க்கப் புகுவோர் முதலிலே செய்யவேண்டியது நோக்குதலே. கழுத்தின் நுனியிலிருந்து நீளவாக்கிற் பார்த்தால் அது வளைந்திருக்கின்றதா என்பது தெரிந்துவிடும். உள்ளே உருக்குக் கோல் உள்ள கிற்றாராயின் அதனைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையிலே திருகலாகாது. குதிரையின் பின்விளிம்பிலே மெல்லிய தாளொன்று நுழையுமாயின் அது கிளம்பத் தொடங்கிவிட்டது. வெடிப்புகளைப் பசையிட்டுப் பொருத்தியபின், உட்புறத்திலே சிறு மரத்துண்டுகளை, அவற்றின் இழை பலகையின் இழைக்குக் குறுக்காக அமையுமாறு ஒட்டுதல் வேண்டும்.

பசையைப் பற்றி ஒரு சொல். தச்சர்கள் காய்ச்சிப் பூசிய வச்சிரப் பசையை இன்று பலர் மறந்துவிட்டனர். ஆயினும் அதன் பெருமை ஒட்டுவதில் மட்டுமன்று, விடுவதிலும் இருக்கின்றது. வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகிக்கொடுக்கும். ஐம்பது ஆண்டு கழித்து வேறொருவர் அதே குதிரையைப் பலகைக்கு ஊறின்றிக் கழற்றலாம். கடையிலே கிடைக்கும் இரு குழாய்ப் பசையால் ஒட்டியதைக் கழற்றப் புகுந்தால் பலகையே பிய்ந்துவரும். பின்வருபவர் திருத்த இயலாத திருத்தத்தைச் செய்யாதிருப்பதே இத்தொழிலின் முதல் ஒழுக்கம் என்பது நம் கருத்து.

அடுத்தது மெருகு. சில காலத்துக்கு முன் நம் மாணவர் ஒருவர் தம் வீட்டுக் கிற்றாரைக் கொண்டுவந்தார். போர் உக்கிரமடையுமுன் வவுனியாவில் உறவினர் வீட்டிலே விடப்பட்டிருந்தமையால் தப்பிய பொருள் அது. அதனை வாசித்தவர் அவருடைய தாய்மாமன். 2009ஆம் ஆண்டின் பின் அவர் வீடு திரும்பவில்லை. ஒலித்துளையின் கீழே பூச்சுத் தேய்ந்து மரம் வெளித்தெரிந்தது. முதல் மூன்று மெட்டுகளிலே தந்தி பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. எந்தச் சுரக்கூட்டுகளை அவர் மிகுதியும் வாசித்தார் என்பதைக்கூட அதிலிருந்து ஊகிக்கலாம். மாணவர் அரத்தாளும் பளபளக்கும் பூச்சும் வாங்கி ஆயத்தமாக இருந்தார். தாயார் இசையவில்லை. "தம்பியின்ரை கை பட்டுத் தேய்ஞ்ச இடம் அது. அதிலை அரத்தாள் போட வேண்டாம்" என்றாராம்.

பாசத்தாற் சொன்ன அவ்வார்த்தை தொழில்நெறிக்கும் ஒத்ததே. அரத்தாளால் தேய்க்குந்தோறும் பலகை மெலியும். தடித்த புதுப் பூச்சு அதன் அதிர்வை மட்டுப்படுத்தும். பழைய கிற்றார்களை விலைக்கு வாங்குவோரும் மறுபூச்சுக் கண்டவற்றுக்குக் குறைந்த விலையே கொடுப்பர். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969ஆம் ஆண்டில் வாங்கிய மார்ட்டின் கிற்றாரிலே அவர் மீட்டி மீட்டிப் பெருந்துளையொன்று விழுந்துவிட்டது. அதனைப் பேணிவரும் தொழிலாளர் துளையை அடைக்கவில்லை. மேலும் சிதையாதவாறு காத்துவருகின்றார்.

எனினும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட இயலாது. பள்ளம் விழுந்த மெட்டிலே தந்தி இரையும். சுருதி சுத்தமாக நில்லாது. அம்மூன்று மெட்டுகளையும் மாற்றியே தீரவேண்டியிருந்தது. அயலிலுள்ள தச்சர் ஒருவர் கம்பிகளைச் சூடேற்றி மெல்லக் கழற்றினார். மெட்டுகள் பதிந்திருந்த பலகை கருங்காலி. இலங்கைக் கருங்காலி ஒருகாலத்தில் உலகெங்கும் விரும்பப்பட்ட மரம். நம் உலர்வலயக் காடுகளிலும் வளர்வது. இன்று அதன் ஏற்றுமதி சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே அந்தப் பலகையிலே சிராய் கிளம்பாதவாறு அவர் அரைநாள் மினக்கெட்டது வீணன்று. கழற்றிய கம்பிகளை அம்மையார் ஒரு பேணியிலே இட்டு வைத்திருக்கின்றார்.

பூச்சுத் தேய்ந்த இடத்திலே வியர்வை ஊறாதிருக்க ஏதேனும் பூசத்தான் வேண்டுமெனின், முன்னைய பூச்சு இன்னதென்று அறிந்துகொள்ளுதல் நன்று. கண்ணிற் படாத ஓரிடத்தில் அற்ககோல் தோய்ந்த பஞ்சால் ஒற்றிப் பார்க்கலாம். இளகிப் பிசுபிசுத்தால் அது பெரும்பாலும் அவலரக்கு. அதன்மேல் அதே அவலரக்கைத் துணிப்பொதியால் மிக மெல்லிதாக ஒற்றிவிட்டால் பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும், அரத்தாள் வேண்டுவதில்லை. 1920களின் பின் வழக்குக்கு வந்த நைத்திரோசெலுலோசு மெருகாயின் அதற்குரிய தின்னரிலேதான் கரையும். எதற்கும் அசையாதிருப்பது பிற்காலத்துப் பிளாத்திக்குப் பூச்சு. அதனைத் தொடாமல் விடுவதே நலம்.

குதிரையை மீள ஒட்டியபின் ஒரு நாளேனும் தந்தி பூட்டலாகாது. பின்னர் மெல்லிய தந்திகளைப் பூட்டி, முதல் வாரம் அரைச்சுரம் தாழ்த்திச் சுருதி கூட்டிவைத்து, ஒவ்வொரு காலையும் குதிரையின் பின்விளிம்பைத் தாளால் தொட்டுப் பார்த்து வருதல் வேண்டும்.