திலீப் பருல்கர்

திலீப் பருல்கர் இந்திய வான்படையின் போர் விமானி. 1965 போரில் தோளில் குண்டு பாய்ந்த நிலையிலும் விமானத்தைத் தளத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர். 1971 டிசம்பர் 10 அன்று இவரது சுகோய்-7 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, பாகிஸ்தானிடம் போர்க்கைதியானார்.

1972 ஆகஸ்ட் 13 அதிகாலையில் கிரேவால், ஹரிஷ் சின்ஜி என்ற சக விமானிகளுடன் ராவல்பிண்டி முகாமின் சுவரைத் துளைத்துத் தப்பினார். மூவரும் பெஷாவர் வழியாக ஆப்கானிஸ்தான் எல்லையை நோக்கிச் சென்றனர். துணிவில் குறையில்லை, கையிலிருந்த வரைபடம்தான் பழையது. அதில் கண்ட லண்டி கானா இரயில் நிலையத்துக்கு லண்டி கோட்டல் என்னும் ஊரில் வழி கேட்டனர். அந்நிலையமோ 1932-லேயே மூடப்பட்டது! உள்ளூர்க்காரர்கள் ஐயுற்றனர். எல்லைக்குச் சில கிலோமீட்டர் இருக்கையில் மூவரும் பிடிபட்டனர்.

1972 டிசம்பர் 1 அன்று மற்ற கைதிகளுடன் விடுதலையாகி மீண்டும் பணிக்குத் திரும்பினார். குரூப் கேப்டனாக ஓய்வுபெற்ற பருல்கர் 2025 ஆகஸ்டில் காலமானார்.