குடிதண்ணீரில் குளோரோபாரம்!
பீர் ஆலை அனுபவத்தால் வெளிவந்த உண்மை

அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு முன்பு மூக்கில் காட்டுவார்களே குளோரோபாரம், அது குழாய்த் தண்ணீரில் இருந்தது! கண்டுபிடித்தவர் ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலைய விஞ்ஞானி ரூக். யாரும் விஷமத்தனமாகக் கலக்கவில்லை. கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின்தான் அதை உண்டாக்கியது.

ரூக் அதற்கு முன்பு பீர் ஆலையில் வேலை பார்த்தவர். பாட்டிலை முழுதும் நிரப்பாமல் மூடி, மேலே தேங்கும் ஆவியைக் கருவியில் சோதிக்கும் வித்தை தெரிந்தவர். அதே வித்தையை ஆற்றுத் தண்ணீரிடம் காட்டினார். குளோரின் போட்டதும் குளோரோபாரம் விறுவிறு என்று கூடியது. 1974-ம் ஆண்டு இதை வெளியிட்டார்.

இலைதழையால் வந்த வினை

ஏரி, ஆறுகளில் இலைதழைகள் அழுகும்போது, டீத்தூளில் சாயம் இறங்குவதுபோல ஒரு பழுப்புச் சாறு இறங்கும். அதனுடன் குளோரின் சேர்ந்தால் குளோரோபாரமும் அதன் பங்காளிகளும் பிறக்கும். ரூக் சும்மா விடவில்லை. சதுப்பு நிலத்து மக்கைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் குளோரினைப் போட்டார். வந்தது குளோரோபாரம்!

அமெரிக்காவில் 80 நகரங்களின் தண்ணீரைச் சோதித்தார்கள். 80-லும் இருந்தது. குளோரோபாரம் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக 1976-ல் அறிக்கை வந்தது. 1979-ல் அந்த நாட்டு அரசு உச்சவரம்பு போட்டது: குளோரோபாரமும் பங்காளிகளும் சேர்ந்து லிட்டருக்கு 100 மைக்ரோ கிராம். அதாவது, 10 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் ஒரே ஒரு கிராம்! 1998-ல் அதையும் 80 ஆகக் குறைத்தார்கள். இந்தியத் தர விதியில் குளோரோபாரத்துக்கு மட்டும் 200 மைக்ரோ கிராம் வரை அனுமதி உண்டு.

அப்படியானால் குளோரினே வேண்டாமா?

"வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளோரோபாரம் பல வருடம் குடித்தால் வரக்கூடிய ஆபத்து. காலராவோ இன்று குடித்தால் நாளையே படுக்கையில் தள்ளும். கிருமி நீக்குவதில் கை வைக்கக்கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

வழி வேறு இருக்கிறது. படிகாரம் போட்டு அழுக்கைப் படியவிட்டு, மணலில் வடிகட்டி, கடைசியில் குளோரின் போட வேண்டும். சாறு குறைந்தால் குளோரோபாரமும் குறையும். கலங்கல் தண்ணீரில் முதலிலேயே குளோரினை அள்ளிக் கொட்டினால்தான் வம்பு. ஆற்றில் சாக்கடை கலந்தால் கேட்கவே வேண்டாம், குளோரினும் கூடுதலாகத் தேவைப்படும்.

வீட்டில் தண்ணீரைக் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: குளோரோபாரம் சீக்கிரம் ஆவியாகிவிடும். தட்டு போட்டு மூடாமல் கொதிக்கவிட்டால் பெரும்பகுதி போய்விடும். சமையல்கட்டு ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும்!