நிழற்படமும் நன்மருந்தும்

ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே உள்ளது உத்தனப்பள்ளி. அவ்வூரார் ஒருவருக்குக் காசநோய் கண்டால், இன்று அவர் தம் இல்லத்திலிருந்தே மருந்துண்டு நலம் பெறலாம். எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் நிலை வேறு. நோயாளர் மனைமக்களைப் பிரிந்து, சானடோரியம் என்னும் நலவிடுதியில் பல திங்கள் படுத்திருத்தல் வேண்டும் என்பதே மருத்துவ நூலோர் கொள்கை. 1928இல் டாக்டர் சௌரிமுத்து நிறுவிய அத்தகைய விடுதியின் பெயரையே தாம்பரத்தை அடுத்த புகைவண்டி நிலையம் இன்றும் தாங்கி நிற்கின்றது. ஆயினும் நோயுற்றோர் மிகப் பலர். படுக்கைகளோ மிகச் சில. இந்நிலையை மாற்றியவை புதிய மருந்துகள். அம்மருந்துகளின் ஆற்றலைச் சோதிக்கத் துணை நின்றது எக்ஸ்-கதிர்ப் படம்.

1895இல் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் கண்ட இக்கதிர்கள், காற்று நிறைந்த நுரையீரலை எளிதில் ஊடுருவிச் சென்று படச்சுருளைக் கருமையாக்கும். நோயால் தடித்த பகுதி கதிர்களைத் தடுத்தலின் அவ்விடம் வெண்மையாகத் தோன்றும். நோய் அரித்த குழியோ வெண்ணிற வளையத்தின் நடுவே கருமையாகப் புலப்படும். மாதந்தோறும் எடுத்த படங்களை வரிசையாக வைத்து நோக்கினால், குழி சுருங்கியதா, விரிந்ததா என்பது விளங்கும்.

எனினும் ஓர் இடர் உண்டு. மருந்துண்டவர் தேறினால், அது மருந்தின் பயனா, ஓய்வின் பயனா? மருந்து பலிக்க வேண்டும் என்னும் ஆவல் மருத்துவர் கண்ணையும் மறைக்கும் அன்றோ? 1943இல் அமெரிக்காவில் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து பெற்ற ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தை 1947இல் இங்கிலாந்தில் சோதித்தவர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். திருவுளச்சீட்டு எடுப்பதுபோல நோயாளர் 107 பேரை இரு பிரிவாக்கினர். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். எந்தப் படம் எப்பிரிவினருடையது என்று அறியாத வல்லுநர் மூவர் படங்களை ஆராய்ந்தனர். ஆறு திங்களில், மருந்துண்டோருள் 28 பேரின் படங்கள் பெரிதும் தெளிந்திருந்தன. மற்றோருள் நால்வருடையவையே அவ்வாறிருந்தன. ஆனால் நாளடைவில் கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காமல் போகவே, மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறை பிறந்தது.

1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தோன்றியது. அங்கு 193 நோயாளரை இவ்வாறே இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை நலவிடுதியிலும், மற்றொரு பிரிவினரைத் தத்தம் இல்லங்களிலும் வைத்து, இருசாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகளை ஓராண்டு அளித்தனர். இல்லத்திலிருந்தோர் பெரும்பாலும் வறியவர்; நல்லுணவும் ஓய்வும் அவர்க்கு அரியன. மார்புப் படங்களும், அவற்றினும் உறுதியான சான்றாகிய கோழையும் தொடர்ந்து ஆராயப்பட்டன. ஆண்டிறுதியில் கோழையில் கிருமி நீங்கியோர் விடுதியில் நூற்றுக்கு 92, இல்லத்தில் 86. வேறுபாடு சிறிதே! 1959இல் வெளிவந்த இம்முடிவு பல நாடுகளின் மருத்துவ முறையையே மாற்றியது. அந்நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் சேத்துப்பட்டில் இயங்குகின்றது.

எக்ஸ்-கதிர்ப் படத்திற்கும் குறை உண்டு. ஆறிய வடுவும் ஆறாத புண்ணும் அதில் ஒன்றுபோலத் தோன்றுதல் கூடும். ஆகவே புதிய காசநோய் மருந்துகளை ஆராய்வோர், மென்கதிர் வீசும் ஒருவகைச் சர்க்கரையை நோயாளர் குருதியில் செலுத்திப் ‘பெட்’ என்னும் படம் எடுக்கின்றனர். அழற்சி தணியாத இடம் அச்சர்க்கரையை மிகுதியாக ஈர்த்து ஒளிரும்; மருந்து பலித்த இடம் மங்கிவிடும்.