கடவுள் மௌனமாக இருந்தார்... அன்னை தெரசா நடந்துகொண்டே இருந்தார்!

வேண்டிக்கொண்டே இருக்கிறோம், பதில் இல்லை. விளக்கு ஏற்றுகிறோம், ஜெபமாலை உருட்டுகிறோம், தொழுகிறோம். உள்ளே எதுவும் அசையவில்லை. 'பழக்கத்துக்காகத்தான் கும்பிடுகிறேனோ, இது வெறும் நடிப்போ' என்ற கேள்வி ஒரு நாளாவது எட்டிப் பார்க்காத பக்தர் இருப்பாரா என்பது சந்தேகம்தான். வெளியே சொல்லத்தான் கூச்சம்.

அந்தக் கேள்வியோடு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரை நம் எல்லோருக்கும் தெரியும். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை, சுருக்கம் விழுந்த முகம், அதில் மாறாத புன்னகை. அன்னை தெரசா!

1997 செப்டம்பர் 5 அன்று அவர் இறந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2007-ல், அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தன. தொகுத்தவர், அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான பணிகளைப் பொறுப்பேற்று நடத்திய அருட்தந்தை பிரையன் கொலோடிச்சுக். பேராயருக்கும் ஆன்ம குருக்களுக்கும் அன்னை எழுதிய கடிதங்கள் அவை. படித்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஜெபிக்க உட்கார்ந்தால் வெறுமை. கடவுள் தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாரோ என்ற வலி. கடவுள் என்று ஒருவர் உண்டா என்றேகூட சில இடங்களில் கேட்டுவிடுகிறார். தன் புன்னகை எல்லாவற்றையும் மூடி மறைக்கும் போர்வை என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

'அப்படியென்றால் அத்தனையும் வேஷமா?' என்று கேட்டவர்கள் உண்டு. பதில் சொல்லும் முன், அந்த இருட்டுக்குள் அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைப் பார்த்துவிடலாம்.

வாக்குக் கொடுத்த ஆசிரியை

இன்றைய வடக்கு மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேவில் 1910-ல் பிறந்தவர் அவர். 18 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி, அயர்லாந்தில் லொரேட்டோ சபையில் சேர்ந்து, 1929 ஜனவரியில் கல்கத்தா வந்து இறங்கினார். என்டாலி பகுதியில் இருந்த செயின்ட் மேரீஸ் பள்ளியில் ஆசிரியை. 1944-ல் அதன் தலைமை ஆசிரியை. மதில் சுவருக்குள் அமைதியான, மதிப்பான வாழ்க்கை.

1942-ல், தன் ஆன்ம குருவின் அனுமதியோடு, யாருக்கும் தெரியாமல் ஒரு வார்த்தைப்பாடு எடுத்துக்கொண்டார்: கடவுள் எதைக் கேட்டாலும் மறுப்பதில்லை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போன்ற காரியம் அது. என்ன எழுதப்படும் என்று கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாது.

நான்கு ஆண்டுகளில் தெரிந்தது. 1946 ஆகஸ்ட்டில் கல்கத்தா கலவரத்தில் பற்றி எரிந்தது. விடுதியில் ஏறக்குறைய 300 மாணவிகள், சாப்பிட ஒன்றுமில்லை. மடத்தின் விதியை மீறித் தெருவில் இறங்கி உணவு தேடிப் போனார் தலைமை ஆசிரியை. சில வாரங்கள் கழித்து, செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங்குக்குத் தியானத்துக்காக ரயிலில் போகும்போது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏழைகளிலும் ஏழைகளோடு போய் வாழச் சொல்லி இறைவன் அழைப்பதாக உணர்ந்தார். அந்த நாட்களில் கடவுள் அவருக்கு மிக அருகில் இருந்தார். குரல் கேட்டது. 'எனக்காக இதைச் செய்ய மாட்டாயா' என்ற பொருளில் அந்தக் குரல் திரும்பத் திரும்பக் கேட்டதாகப் பின்னர் எழுதினார்.

பேராயர் சொன்னது: பொறு!

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் பலரும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். 'அழைப்பு வந்தது, மடத்தைவிட்டு வெளியேறினார்' என்று. இடையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.

துறவற சபையைச் சேர்ந்த ஒருவர் தன் இஷ்டப்படி கிளம்பிவிட முடியாது. முதலில் தன் ஆன்ம குரு அருட்தந்தை வான் எக்சமிடம் சொன்னார். விஷயம் கல்கத்தா பேராயர் ஃபெர்டினாண்ட் பெரியேவிடம் போனது. பேராயர் அவசரப்படவில்லை. ஓர் ஐரோப்பியக் கன்னியாஸ்திரி, சேலை கட்டிக்கொண்டு சேரியில் போய் இருப்பது, அதுவும் சுதந்திரத்துக்கு முந்தைய கொந்தளிப்பான கல்கத்தாவில்! பொறுக்கச் சொன்னார். இதற்கிடையில் அவரை ஆசன்சோல் மடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அன்னை கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார், கெஞ்சினார், தாமதம் வேண்டாம் என்று மன்றாடினார். ஆனால், அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. கடவுளே நேரில் சொன்னதாக நம்புகிற ஒருவர், மனிதர் ஒருவரின் 'சரி'க்காகக் காத்திருக்கிறார். கடவுளுக்குக் கீழ்ப்படிவதைவிட, தயங்குகிற மேலதிகாரிக்குக் கீழ்ப்படிவது எவ்வளவு சிரமம் என்பது வீட்டிலும் அலுவலகத்திலும் வாழ்கிற நமக்குத் தெரியாததா என்ன!

1948 தொடக்கத்தில் பேராயர் ஒருவழியாகச் சம்மதித்தார். ஆனால், கூடவே ஒரு நிபந்தனை. மடத்துக்கு வெளியே வாழ்வதற்குத் திருச்சபைச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வார்த்தைப்பாடுகளோடு கன்னியாஸ்திரியாகவே இருந்துகொண்டு வெளியில் வாழ்வது. இன்னொன்று, துறவறத்தையே விட்டுவிட்டு சாதாரணப் பெண்மணியாக வெளியேறுவது. அன்னை விரும்பியது முதல் வழியை. பேராயர் கேட்கச் சொன்னது இரண்டாவது வழியை.

இருபது ஆண்டு துறவற வாழ்க்கையை, தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பின்னால் எந்த சபையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அவரைப் பின்தொடர்ந்து எந்தப் பெண் வருவாள்? அன்னைக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பேராயர் சொன்னபடியே லொரேட்டோ சபையின் தலைமை அன்னைக்கு எழுதினார். அயர்லாந்திலிருந்த அந்தத் தலைமை அன்னையோ, கன்னியாஸ்திரியாகவே வெளியே செல்ல அனுமதி கேட்கும்படி பதில் எழுதினார். அதன் பிறகும் பேராயர் விட்டுக்கொடுக்கவில்லை. ரோமுக்கும் தன் விருப்பப்படியே எழுதச் சொன்னார். அன்னை அப்படியே எழுதினார்.

ரோமிலிருந்து பதில் வந்தது. கேட்டது இரண்டாவது வழி. கிடைத்தது முதல் வழி! வார்த்தைப்பாடுகளோடு, கன்னியாஸ்திரியாகவே ஓராண்டு வெளியில் இருக்கலாம். மேற்கொண்டு பேராயர் முடிவு செய்வார்.

கடவுள் கைவிட மாட்டார் என்று பேசும்போதெல்லாம் அற்புதங்களையே தேடுகிறோம். எனக்கு என்னவோ இந்த அலுவலகக் கடிதத்தைவிடப் பெரிய அற்புதம் அன்னையின் வாழ்க்கையில் இல்லை என்றுதான் தோன்றுகிறது. மனதுக்குப் பிடிக்காத ஓர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து எழுதிய விண்ணப்பம், அவர் மனதுக்குள் வைத்திருந்த விருப்பத்தையே திருப்பிக் கொண்டுவந்தது.

சேரியில் முதல் நாட்கள்

1948 ஆகஸ்ட் 17 அன்று, மலிவான வெள்ளைச் சேலையில் லொரேட்டோ மடத்தைவிட்டு வெளியே வந்தார். பாட்னாவில் மருத்துவப் பணி சகோதரிகளிடம் சில மாதம் செவிலியர் பயிற்சி. தன் சபைச் சகோதரிகள் சோறும் உப்பும் மட்டுமே சாப்பிட வேண்டும் என்று அன்னை அங்கே திட்டம் சொல்ல, சகோதரிகள் தடுத்திருக்கிறார்கள். சத்தில்லாமல் படுத்துவிட்டால் ஏழைகளை யார் பார்ப்பது? அந்த அறிவுரையையும் ஏற்றுக்கொண்டார்.

டிசம்பர் 21, முதன்முறையாகச் சேரிக்குள் நுழைந்தார். மோதிஜீலில் பள்ளி தொடங்கியபோது கரும்பலகை இல்லை. மண்தரையில் குச்சியால் எழுத்துகளை எழுதிக் காட்டினார். தங்க இடம் தேடி கை கால் வலிக்க அலைந்த ஒரு நாளில், லொரேட்டோவின் வசதிகள் நினைவுக்கு வந்து 'திரும்பிப் போய்விடலாமே' என்று மனம் இழுத்ததை நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். வீடும் உணவும் தேடி அலையும் ஏழைகளின் உடம்பு எப்படி வலிக்கும் என்பதும் அன்றுதான் புரிந்ததாக அதே இடத்தில் எழுதுகிறார்.

மூன்று மாதத்தில், 1949 மார்ச்சில், பழைய மாணவி சுபாஷிணி தாஸ் வந்து சேர்ந்தார். பிறகு இன்னொருவர், மற்றொருவர். 1950 அக்டோபர் 7 அன்று 'மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி' சபைக்கு அதிகாரபூர்வ அங்கீகாரம். 1952-ல் காளிகாட்டில், சாகக் கிடப்பவர்களுக்கான 'நிர்மல் ஹ்ருதய்' இல்லம்.

வெளியே எல்லாம் கூடி வந்துகொண்டிருந்தது. உள்ளே? 1953-ல் பேராயருக்கு எழுதிய கடிதத்தில், தனக்குள் பயங்கரமான இருள் இருப்பதாகவும், ஏறக்குறைய இந்தப் பணி தொடங்கிய காலத்திலிருந்தே அது இருப்பதாகவும் சொல்கிறார். ரயிலில் அழைத்த குரல், பணி தொடங்கியதுமே நின்றுபோனது. கூப்பிட்டவர் காணாமல் போய்விட்டார்!

1958 அக்டோபரில், மறைந்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதருக்காக நடந்த திருப்பலியின்போது, இந்தப் பணி கடவுளுக்குப் பிடித்திருக்கிறதா என்று ஓர் அடையாளம் கேட்டார். அந்தக் கணமே இருள் விலகியது. பழைய நெருக்கம் திரும்பியது. சில வாரங்கள்தான். பிறகு மறுபடியும் இருட்டு.

நடிப்பா, உண்மையா?

அன்னையைக் கடுமையாக விமர்சித்த எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ், இந்தக் கடிதங்களை அவர் நம்பிக்கை இழந்துவிட்டதற்குச் சான்றாகவே பார்த்தார். (அன்னையின் இல்லங்களில் தரப்பட்ட மருத்துவம் போதுமானதா என்ற விமர்சனம் வேறு; அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.) அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. ஏனென்றால், தான் பிறரை ஏமாற்றுகிறோமோ என்ற உறுத்தல் அன்னைக்கே இருந்தது. கடவுள் அன்பைப் பற்றி மற்றவர்களிடம் உருகிப் பேசுகிறேன், என் உள்ளே ஒன்றுமில்லையே என்று தவித்தார்.

1961-ல் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. புனேயில் இறையியல் பேராசிரியராக இருந்த இயேசு சபைக் குரு ஜோசப் நொய்னர், கல்கத்தாவில் தியானம் நடத்த வந்திருந்தார். அவரிடம் தன் நிலையை அன்னை எழுதிக் கொடுத்தார். நொய்னர் சொன்னதன் சாரம் இதுதான்: இதற்கு மருந்து கிடையாது, உங்கள் தவறும் கிடையாது. கடவுள் இருப்பதை உணர்வது ஒன்றே அவர் இருப்பதற்குச் சான்றல்ல. அவருக்காக இவ்வளவு ஏங்குகிறீர்களே, அந்த ஏக்கமே அவர் மறைந்து இருப்பதன் அடையாளம். யாருக்கும் வேண்டாதவர்களாகத் தெருவில் கிடக்கும் மனிதர்களின் வேதனையில் உங்கள் பங்கு இது.

கொஞ்சம் யோசித்தால் சாதாரண விஷயம்தான். பசியே இல்லாதவர் சோறு இல்லை என்று அழ மாட்டார். கடவுள் மேல் அக்கறை போய்விட்ட மனிதர், அவர் பேசவில்லையே என்று ஐம்பது ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டார். நொய்னர் பேசிய பிறகும் இருட்டு விலகவில்லை. ஆனால், அதை நேசிக்கத் தொடங்கியிருப்பதாக அன்னை அவருக்கு எழுதினார்.

நம் ஊர்ப் பக்தி மரபில் இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து, அதை மீறி ஊர் எல்லை தாண்டியபோது கண்ணிழந்தார் சுந்தரர். தடுமாறி நடந்து திருவெண்பாக்கம் போய்ப் பார்வை கேட்டால், இறைவன் கொடுத்ததோ ஓர் ஊன்றுகோல்! பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது இடம் மாற்றி அமைக்கப்பட்ட அந்தக் கோயிலில் சுவாமிக்கு இன்றும் ஊன்றீஸ்வரர் என்றுதான் பெயர். கோபத்தில் கோலை வீசியெறிய, நந்தியின் கொம்பு ஒடிந்ததாம். பிறகு அங்கிருந்து நடந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார். அன்னைக்குக் கடைசிவரை கோல் மட்டும்தான். அவருடைய கோல், 1942-ல் கொடுத்த அந்த வாக்கு.

அவர் இறந்தபோது அவருடைய சபையில் ஏறக்குறைய 4,000 சகோதரிகள். 123 நாடுகளில் 610 இல்லங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கூடவே இருந்த சகோதரிகளுக்கும் தெரியாது. விடியற்காலையில் ஜெபத்துக்கு மற்றவர்களோடு அவரும் மண்டியிட்டிருப்பார். அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது.

கடிதங்கள் நமக்குக் கிடைத்ததே ஒரு வேடிக்கை. அவற்றை அழித்துவிடும்படி பேராயரிடம் அன்னை பலமுறை கேட்டிருந்தார். வெளியே தெரிந்தால் ஜனங்கள் இயேசுவை விட்டுவிட்டுத் தன்னைப் பற்றியே அதிகம் நினைப்பார்கள் என்பது அவருடைய பயம். ஆயுள் முழுக்க மற்றவர்கள் சொன்னதற்கெல்லாம் கீழ்ப்படிந்தவர் வைத்த அந்த ஒரு வேண்டுகோளுக்குப் பேராயரும் கீழ்ப்படியவில்லை, ஆன்ம குருக்களில் சிலரும் கீழ்ப்படியவில்லை. பத்திரமாக எடுத்து வைத்துவிட்டார்கள்.