பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது, வலி இன்னும் வரவில்லை



நீங்கள் நிறைமாதக் கர்ப்பிணி. சுபஹுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. திடீரென்று படுக்கை நனைந்துவிடுகிறது. சிறுநீர் என்று நினைத்து எழும்புகிறீர்கள். எழும்ப எழும்ப இன்னும் வடிகிறது. இடுப்பு வலியோ வயிற்று வலியோ கிடையாது. வீட்டாரை எழுப்புகிறீர்கள். "பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டு மகள். வலி வரட்டும், பிறகு போகலாம்" என்கிறார் மாமி. "இல்லை, இப்பவே வேனைக் கூப்பிடுங்கோ" என்கிறார் உம்மா. நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். யார் சொல்வது சரி?

உம்மா சொல்வதுதான் சரி. வலிக்காகக் காத்திருக்கலாம், ஆனால் அந்தக் காத்திருப்பு வைத்தியசாலையில் நடக்க வேண்டும். காரணத்தை விளக்கமாகப் பார்ப்போம்.

பன்னீர்க்குடம் என்பது என்ன?

கருப்பைக்குள் ஒரு மெல்லிய பை இருக்கிறது. அதற்குள் இருக்கும் நீரில்தான் பிள்ளை பத்து மாதமும் மிதக்கிறது. அந்த நீர் பிள்ளைக்கு மெத்தையாகவும், பை அதற்கு வேலியாகவும் இருக்கின்றன. வெளியிலுள்ள கிருமிகள் உள்ளே போகாமல் தடுப்பது அந்த வேலிதான். பெரும்பாலான பெண்களுக்கு முதலில் வலி தொடங்கி, வலியின் நடுவில் பை உடைகிறது. நிறைமாதத்தில் நூறு பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு மட்டும் வலி தொடங்குமுன்பே உடைந்துவிடுகிறது. இது அபூர்வமான விஷயமும் அல்ல, நீங்கள் செய்த எந்தத் தவறின் விளைவும் அல்ல. பாரம் தூக்கியதால் வந்தது, படி ஏறியதால் வந்தது என்று யாரும் உங்களைக் குறை சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

"தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டால் பிள்ளை காய்ந்துபோகும், பிரசவம் கஷ்டமாகும்" என்று பெரியவர்கள் பயப்படுவதுண்டு. பிள்ளை உள்ளே இருக்கும் வரை நீர் தொடர்ந்து ஊறிக்கொண்டே இருக்கும். நாம் உண்மையில் பயப்பட வேண்டியது வேலி திறந்து கிடக்கும் நேரத்தைத்தான். நேரம் நீள நீளக் கிருமிகள் மேலேறிக் கருப்பையைத் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது.

"வலி வரட்டும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

நம் மூத்த தலைமுறைப் பெண்கள் அறியாமையால் இப்படிச் சொன்னார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் வாழ்ந்த மன்னாரில் புறப்படுவதே பெரும்பாடாக இருந்தது. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் தலைமன்னாரிலும் முசலிப் பக்கத்துக் கிராமங்களிலும் இரவில் வாகனம் கிடையாது. பின்னர் யுத்தம் வந்தது. ஊரடங்கும் சோதனைச் சாவடிகளும் வந்தன. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் 1990ஆம் ஆண்டு தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். புத்தளத்து முகாம்களின் ஓலைக் கொட்டில்களில் பிள்ளை சுமந்த தாய்மாரிடம் "உடனே வைத்தியசாலைக்குப் போ" என்று சொல்வது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்? வலி வந்து நெருக்கிய பிறகுதான் புறப்படுவது என்பது அந்தக் காலத்தின் நிர்ப்பந்தம். நிர்ப்பந்தமே நாளடைவில் அறிவுரையாகிவிட்டது.

இன்று நிலைமை வேறு. புதிய பாலம் 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரத்துக்கு 30 கிலோமீற்றருக்கும் குறைவு. நல்ல பாதை இருக்கிறது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக வரும். அந்தச் சேவை 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வட மாகாணத்துக்கும் வந்தது. நம் ஊரைக் காலியாக்கிய ஆண்டின் எண்ணும் இன்று நாம் உதவிக்கு அழுத்தும் எண்ணும் ஒன்றாக அமைந்துவிட்டன. மறக்காமல் இருப்பதற்கு இதைவிட எளிய இலக்கம் மன்னார்ப் பெண்களுக்குக் கிடைக்காது.

எவ்வளவு நேரத்தில் வலி வரும்?

நிறைமாதத்தில், அதாவது 37 வாரம் கடந்தபின், பன்னீர்க்குடம் உடைந்த பெண்களில் நூற்றுக்கு 60 பேர் அளவில் 24 மணி நேரத்துக்குள் தாமாகவே பிரசவ வலி காண்கிறார்கள். பொறுத்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் 95 பேர் வரையில் வலி காண்கிறார்கள். ஆகவே வலி தாமதிப்பது இயல்பே.

அப்படியென்றால் ஏன் அவசரம்? பிள்ளைக்குக் கடுமையான தொற்று ஏற்படும் வாய்ப்பு, குடம் உடையாத பிரசவத்தில் இருநூறில் ஒன்று என்றால், வலிக்கு முன்பே உடைந்த பிரசவத்தில் நூறில் ஒன்றாகிறது. எண் சிறியதுதான். ஆனால் அந்த நூறில் ஒன்று யார் வீட்டுப் பிள்ளை என்பதை முன்கூட்டி யாரும் அறிய முடியாது. தாயின் வெப்பநிலையையும் நாடித்துடிப்பையும் பிள்ளையின் இதயத் துடிப்பையும் மணிக்கணக்கில் பார்த்து வந்தால்தான் அது தெரியவரும். வீட்டில் அதற்கு வழியில்லை.

1996ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய ஆய்வு 5,041 பெண்களை ஆறு நாடுகளில் கவனித்தது. சிலருக்கு உடனே மருந்து கொடுத்து வலி தூண்டப்பட்டது. மற்றவர்கள் நான்கு நாள் வரை காத்திருந்தார்கள். சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்ததிலும் பிள்ளைகளுக்குத் தொற்று ஏற்பட்டதிலும் இரு பகுதியினருக்கும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் நரம்பு வழி மருந்து ஏற்றி உடனே வலி தூண்டப்பட்ட தாய்மாருக்குத் தொற்று குறைவாக இருந்தது. "மருந்து கொடுத்தால் வயிற்றைக் கிழிக்கத்தான் வேண்டிவரும்" என்று நம்மிடையே உலவும் பயத்துக்கு அந்த ஆய்வு ஆதாரம் தரவில்லை. நிறைமாதத்தில் இப்படிக் குடம் உடைந்தால் வலியைத் தூண்டுவதையே உலக சுகாதார அமைப்பும் பரிந்துரைக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் நேரத்தைப் பாருங்கள். எத்தனை மணிக்கு உடைந்தது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். டொக்டரும் நேர்ஸும் முதலில் கேட்பது அதைத்தான்.

சுத்தமான வெள்ளைத் துணியோ பேடோ வைத்து நிறத்தைக் கவனியுங்கள். நிறமில்லாமலோ இளமஞ்சளாகவோ, சற்று ரோஜா நிறமாகவோ இருந்தால் பதற்றப்பட வேண்டாம். அந்தத் துணியை எறிந்துவிடாமல் கூடவே கொண்டுபோய்க் காட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது, சிறுநீரா என்று சந்தேகமாக இருந்தாலும் போய்க் காட்டுங்கள். பரிசோதித்து "இது பன்னீர்க்குடம் அல்ல" என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குளிக்க விரும்பினால் வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக் குளியுங்கள். தண்ணீருக்குள் இறங்கி அமர்ந்து குளிக்க வேண்டாம். தாம்பத்திய உறவு கூடாது. மருத்துவிச்சியானாலும் அனுபவமுள்ள மூதாட்டியானாலும், உள்ளே விரல் விட்டுப் பார்க்க அனுமதிக்காதீர்கள். இது மிக முக்கியம். கைப் பரிசோதனையின் எண்ணிக்கை கூடக்கூடத் தொற்றின் வாய்ப்பும் கூடுகிறது என்று மேலே சொன்ன ஆய்வே காட்டியது. வலி வரவைக்க ஆமணக்கெண்ணெய், கஷாயம் என்று எதையும் குடிக்கவும் வேண்டாம்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத நிலைகள்

நீர் பச்சையாக அல்லது மண்ணிறமாக இருந்தால், பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். சிவப்பாக இரத்தம் போனால், நீரில் துர்வாடை இருந்தால், உங்களுக்குக் காய்ச்சலோ நடுக்கமோ கண்டால், பிள்ளையின் அசைவு குறைந்தால் உடனே 1990ஐ அழையுங்கள். 37 வாரம் நிறையுமுன் உடைந்தாலும் அப்படியே. குறைமாதப் பிள்ளைக்கு நுரையீரல் முதிரத் தாய்க்கு ஊசி போட வேண்டியிருக்கலாம். பிள்ளையைப் பராமரிக்கும் வசதியுள்ள இடம் வேண்டும்.

இன்னொன்று அபூர்வமானது, ஆனால் மிகவும் பயங்கரமானது. நீரோடு தொப்புள்கொடி வெளியே வந்துவிடலாம். கொடி கண்ணில் பட்டாலோ, ஏதோ ஒரு கயிறு போலத் தட்டுப்பட்டாலோ, அதை உள்ளே தள்ள முயலாதீர்கள். முழங்காலிலும் கைகளிலும் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தலை கொடியை நசுக்காமல் இருக்க இது உதவும். அம்புலன்ஸ் வரும் வரை எழும்பி நடக்க வேண்டாம்.

வைத்தியசாலையைப் பற்றிய பயம்

மன்னாரில் பலருக்கு மனதில் ஒரு தயக்கம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு இங்கே பிரசவத்தோடு தொடர்புடைய தாய் மரணங்கள் நிகழ்ந்தன. மக்கள் நியாயம் கேட்டு வீதியில் இறங்கினார்கள். அந்தக் கேள்விகள் கேட்கப்பட வேண்டியவையே. ஆனால் அந்தப் பயம் நம்மை வீட்டில் உட்கார வைத்துவிடக் கூடாது. நம் நாட்டில் 1940களின் நடுப்பகுதியில் கூட ஒரு இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் மௌத்தானார்கள். இன்று அது முப்பது அளவில் நிற்கிறது. வீடு தேடி வரும் அரசாங்க மருத்துவமாதுகளும், கிளினிக்குகளும், வைத்தியசாலைப் பிரசவமும் இதற்குப் பெரும் காரணம். பயத்துக்கு மருந்து, கூடவே ஒருவர் போய்க் கேள்வி கேட்பதுதான். என் வெப்பநிலை எவ்வளவு? பிள்ளையின் துடிப்பு எப்படி? எவ்வளவு நேரம் காத்திருக்கப் போகிறோம்? எந்த மருந்து, எதற்காக? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. வலி வராமலே வந்துவிட்டோமே என்று கூச்சப்படவும் வேண்டாம். காத்திருக்கும் நேரத்தில் காய்ச்சல் போலவோ, பிள்ளை அசையவில்லை போலவோ தோன்றினால், நேர்ஸை மறுபடியும் மறுபடியும் கூப்பிடுங்கள்.

பெண் டொக்டர் இல்லையே என்று நேரத்தை இழுப்பவர்களும் உண்டு. பெண் டொக்டரைக் கேட்பது உங்கள் உரிமை, கேட்டுப் பாருங்கள். கிடைக்காதபோது உயிர் காக்கும் அவசியத்துக்காக ஆண் வைத்தியர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை.

தொழுகை என்ன ஆகும்?

பல சகோதரிகள் வெளியே கேட்கக் கூசும் கேள்வி இது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நிஃபாஸ் பிள்ளை பிறந்த பின்பே தொடங்குகிறது. ஆகவே பன்னீர்க்குடம் உடைந்ததால் மட்டும் தொழுகை விலகிவிடுவதில்லை. வடியும் நீர் வுழூவை முறிக்கும். விடாமல் வடிந்தால், தொடர்ந்து சிறுநீர் கசியும் நோயுள்ளவரைப் போல, நேரம் வந்தபின் சுத்தம் செய்து, பேட் கட்டி, வுழூ எடுத்துத் தாமதிக்காமல் தொழ வேண்டும். நிற்க இயலாவிட்டால் இருந்தும், இருக்க இயலாவிட்டால் படுத்தும் தொழலாம். நுணுக்கமான விளக்கங்களை ஹமல் காலத்திலேயே ஆலிம்களிடம் கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் தேடித் திரிய வேண்டியிராது. தொழுகைக்காகப் பயணத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம். வைத்தியசாலைக் கட்டிலிலும் தொழலாம்.

பிரசவ வேதனையில் பேரீச்சை மரத்தடிக்குப் போன மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பற்றி அல்லாஹ் குர்ஆனில் கூறுகிறான். தனித்து நின்ற அவருக்கும் உண்ணவும் பருகவும் வழி காட்டப்பட்டது. காத்திருக்கும் பெண்ணின் மனநிலையை அறிந்த ரப்பு அவன். டொக்டர் தடை சொல்லாத வரை நீங்களும் இலேசாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், துஆவில் ஈடுபடுங்கள்.

இன்றே பேசி வையுங்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏழாம் மாதத்திலேயே வீட்டாரோடு இருந்து இவற்றை முடிவு செய்யுங்கள். கணவர் கடலுக்குப் போயிருந்தால், வெளிநாட்டில் இருந்தால், யார் முடிவெடுப்பது? "அவர் போனில் கிடைக்கட்டும்" என்று காத்திருக்கக் கூடாது. புறப்படும் சம்மதத்தை இப்போதே வாங்கி வையுங்கள். மூத்த பிள்ளைகளை யாரிடம் விடுவது? அம்புலன்ஸ் தாமதித்தால் எந்த வேன், எந்த ஓட்டோ? முசலியின் தூரக் கிராமங்களில் இருப்பவர்கள், எருக்கலம்பிட்டி, பேசாலை, தலைமன்னார், சிலாவத்துறை போன்ற இடங்களிலுள்ள சிறிய வைத்தியசாலைக்கு முதலில் போவதா, நேரே மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போவதா என்பதை உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேட்டு வையுங்கள். கிளினிக் அட்டை, பிள்ளைத் துணி, பேட், கொஞ்சம் காசு எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் கதவருகில் வையுங்கள்.

மாமிமாருக்கும் உம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மருமகளும் மகளும் முடிவுக்காக முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். "வலி வரட்டும்" என்று சொல்ல வாய் எழும்போது, அதோடு இன்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "அங்கே போய்."