மூச்சோடு பதிந்த பாட்டு

வானொலி அறிவிப்பாளர் என்றால் பேசுகிறவர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் என் வேலையில் பாதி, வெட்டுவது. ஒருவரைப் பேட்டி எடுத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தால் முதலில் இருமலை வெட்டுவேன். பிறகு “வந்து... வந்து...” என்ற தடுமாற்றங்கள். அப்புறம் மூச்சு இழுக்கும் சத்தம். நாற்பது நிமிடப் பேச்சு எட்டு நிமிடமாகச் சுருங்கி, பளிச்சென்று காற்றலையில் போகும்.

என் தாத்தாவின் குரலையும் அப்படித்தான் செய்தேன்.

ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். வேலை ஓய்ந்த பிறகு பாச்சாங்கில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒரு நாள் மாலை கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்து, அவரைப் பேசவிட்டேன். தோட்டத்தில் துணி கட்டிப் படம் போட்ட இரவுகளைப் பற்றிச் சொன்னார். ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் பாட்டுப் பதிவு செய்வதையே காட்டுவார்களே, அதைப் பார்த்து வாய் பிளந்து நின்றதாகச் சொன்னார். அடுப்படியிலிருந்து பாட்டி குறுக்கே புகுந்தார். “அத எங்க தோட்டத்துல பார்த்தோம்? டவுன்ல போயி பார்த்தோம்.” தாத்தா நிறுத்தினார், சிரித்தார், இருமினார், மறுபடி ஆரம்பித்தார்.

நான் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். சுத்தமான ஆறு நிமிடங்கள் மிஞ்சின. தொலைபேசியில் இடம் போதவில்லை என்று முழுப் பதிவையும் அழித்துவிட்டேன்.

தாத்தா இறந்து ஓராண்டு நிறைந்த திதியன்று அந்த ஆறு நிமிடங்களை வீட்டில் போட்டேன். பாட்டி கடைசிவரை கேட்டார். “நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா உங்க தாத்தா எங்க இப்படி ஒரே மூச்சுல பேசுனாரு?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டார். “நான் பேசுனது எங்க?”

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு தாத்தா சொன்ன அந்தப் பாட்டைத் தேடிப் பார்த்தேன்.

ஏவிஎம் கூடத்துக்குள்ளே

‘சர்வர் சுந்தரம்’ 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த படம். கிருஷ்ணன் - பஞ்சு இயக்கம், கே. பாலசந்தர் கதை வசனம். ஹோட்டல் சர்வராக இருந்து நடிகராகும் சுந்தரமாக நாகேஷ். அதில் வரும் ‘அவளுக்கென்ன அழகிய முகம்’ பாட்டை நம்மில் பலர் நூறு தடவையாவது கேட்டிருப்போம். வாலி எழுதி, டி.எம். சௌந்தரராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும் பாடியது. இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி.

அந்தப் பாட்டின் காட்சியில் ஏவிஎம் ஒலிப்பதிவுக் கூடத்தையே திரையில் பார்க்கலாம். எம்.எஸ். விஸ்வநாதன் கையசைத்து நடத்துகிறார், டி.எம்.எஸ். மைக் முன் நின்று பாடுகிறார், வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். நாம் பார்ப்பது நடிப்புதான், பாட்டு முன்கூட்டியே பதிவாகிவிட்டது. ஆனாலும் அந்தக் காலத்தில் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதை ஒரு சினிமாப் பாட்டே நமக்குக் காட்டிவிடுகிறது.

இன்று ஒரு பாட்டைப் பதிவு செய்ய யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. தாளத்தைக் கணினியே தரும். கிட்டார் ஒரு நாள், வயலின் இன்னொரு நாள், பாடகர் வேறு ஊரிலிருந்து. ஒவ்வொன்றும் தனித்தனித் தடத்தில் உட்காரும். ஒரு சொல் பிசகினால் அந்தச் சொல்லை மட்டும் மாற்றலாம்.

அன்று எல்லாக் குரலும் எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் ஒரே தடத்தில் போய் விழும். அதனால் முதலில் ஒத்திகை, அதற்குப் பிறகுதான் ‘டேக்’. சத்தம் கூடிய வாத்தியம் மைக்கைவிட்டுத் தள்ளி உட்காரும், மென்மையான வாத்தியம் கிட்டே வரும். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பால் இருந்து ஒவ்வொரு மைக்கின் அளவையும் அந்த நிமிடமே கூட்டிக் குறைப்பார். கடைசிச் சரணத்தில் ஒருவர் தவறினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. அதனால் எல்லாரும் எல்லாரையும் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

மெம்ஃபிஸில் ஒரு சின்னக் கடை

சென்னையில் மட்டும் இப்படி இல்லை. அன்றைக்கு உலகத்தையே ஆட்டிவைத்த ராக் அண்ட் ரோல் இசையும் இதே மாதிரிச் சின்ன அறைகளில்தான் பிறந்தது.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில், கடை அளவே உள்ள ஒரு கூடத்தை 1950இல் சாம் ஃபிலிப்ஸ் திறந்தார். 1954 ஜூலை 5ஆம் தேதி அங்கே 19 வயது எல்விஸ் பிரெஸ்லி பாட வந்தார். கூட இருந்தது இரண்டே பேர்: கிட்டாருக்கு ஸ்காட்டி மூர், பெரிய பேஸ் வாத்தியத்துக்கு பில் பிளாக். டிரம்ஸ்கூடக் கிடையாது. மெதுவான பாட்டுகளைப் பாடிப் பார்த்தார்கள், எதுவும் சரிவரவில்லை. இடைவேளையில் எல்விஸ் விளையாட்டாக ஒரு பழைய புளூஸ் பாட்டைத் துள்ளித் துள்ளிப் பாட, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே இருந்த சாம் ஃபிலிப்ஸ், அதையே திரும்பப் பாடச் சொல்லி நாடாவை ஓடவிட்டார். அதுதான் ‘தட்ஸ் ஆல் ரைட்’.

சில நாளில் மெம்ஃபிஸ் வானொலி அறிவிப்பாளர் டூயி ஃபிலிப்ஸ் அதை ஒலிபரப்பினார். கேட்டவர்கள் மறுபடி மறுபடி போடச் சொன்னார்கள். என்னைப் போல ஓர் அறிவிப்பாளர் இந்தக் கதையில் இருப்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் குளோவிஸ் என்ற சிற்றூர். அங்கே நார்மன் பெட்டியின் கூடத்தில் 1957இல் படி ஹாலி ‘எவ்ரிடே’ பாட்டைப் பதிவு செய்தார். டிரம்ஸ் வாசிப்பவர் ஜெரி அலிசன் அந்தப் பாட்டுக்கு டிரம்ஸைத் தொடவில்லை. உட்கார்ந்து தன் தொடையைத் தட்டினார், அதுதான் தாளம். இன்று கேட்டாலும் அது ஒரு மனிதன் கையால் தட்டும் சத்தம் என்று காதுக்குத் தெரியும். நானாக இருந்தால் அதை வெட்டி, கணினித் தாளம் போட்டிருப்பேன்.

21 டாலர் கிட்டார்

அந்தக் காலத்தில் எல்லாமே பொன் என்று சொல்ல வரவில்லை. அந்த அறைகளில் இருந்த பலரின் பெயர் வெளியே வரவே இல்லை.

‘ராக் அரவுண்ட் த கிளாக்’ பாட்டை பில் ஹேலியும் அவர் குழுவினரும் 1954 ஏப்ரல் 12ஆம் தேதி நியூயார்க்கில் பதிவு செய்தார்கள். முன்பு நடனக் கூடமாக இருந்த பித்தியன் டெம்பிள்தான் பதிவுக் கூடம். வழியில் படகு மணல் திட்டில் சிக்கியதால் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். வேறொரு பாட்டுக்கே நேரம் போய்விட்டது. மிஞ்சிய நேரத்தில் இதை இரண்டே முறைதான் வாசிக்க முடிந்தது. நடுவில் மின்னல் மாதிரி வந்து போகும் அந்த கிட்டார் டேனி செட்ரோனுடையது. அவர் குழுவில் நிரந்தர உறுப்பினர்கூட இல்லை. அன்றைய வேலைக்கு அவருக்குக் கிடைத்தது 21 டாலர் என்று சொல்வார்கள். இரண்டு மாதம் கழித்து, ஜூன் 17ஆம் தேதி, மாடிப்படியில் விழுந்து இறந்துபோனார். அடுத்த ஆண்டு ஒரு திரைப்படத்தில் இடம்பெற்ற பிறகுதான் அந்தப் பாட்டு உலகெங்கும் பரவியது. அதை அவர் பார்க்கவில்லை.

நம் பாட்டுகளுக்கும் இதே கதைதான். மெல்லிசை மன்னர்களின் பாட்டுகளில் அக்கார்டியன் வரும்போது தலையாட்டுகிறோம். அது மங்களமூர்த்தி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? புல்லாங்குழல் நஞ்சப்பா, கிட்டார் பிலிப்ஸ், டிரம்ஸ் நோயல் கிராண்ட் என்று எத்தனை பேர் சொல்வோம்? இசைத்தட்டில் இவர்கள் பெயருக்கு இடம் இல்லை. ‘சர்வர் சுந்தரம்’ பாட்டு எனக்கு முக்கியமாகப்பட்டதற்கு இதுவும் காரணம். பெயர் வராவிட்டாலும் வாத்தியக்காரர்களின் முகமாவது அதில் வந்துவிட்டது.

பக்கத்திலேயே நடந்தது

இந்த ராக் அண்ட் ரோல் அலை தமிழுக்குத் தாமதமாக வந்ததாக நினைக்க வேண்டாம். 1958இல் வந்த ‘உத்தம புத்திரன்’ படத்தின் ‘யாரடி நீ மோகினி’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கர்நாடக இசையில் ஊறிய ஜி. ராமநாதன் இசையமைத்தது. சிவாஜி ஆடும் அந்தப் பாட்டு ஓரிடத்தில் அப்படியே ராக் அண்ட் ரோலுக்குத் தாவும்.

நமக்கு இன்னும் பக்கத்தில், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புத் தளம் இருந்தது. பி. ரம்லி நடிகராகவும் பாடகராகவும் வளர்ந்த இடம் அது. அவரை முதன்முதலில் கதாநாயகனாக வைத்து 1950இல் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், தமிழர். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூர் வந்து போன பிறகு, இங்கே இளைஞர்கள் கிட்டாரும் கையுமாகத் திரிந்தார்கள். பி. ரம்லியும் விடவில்லை. 1964இல் ‘தீகா அப்துல்’ படத்தில் ‘புன்யி கிட்டார்’ பாடி டுவிஸ்ட் ஆடவைத்தார். சென்னையில் ‘சர்வர் சுந்தரம்’ வந்ததும் அதே ஆண்டுதான். தாத்தா மாதிரி தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டையும் கேட்டே வளர்ந்தார்கள்.

அடுப்படிச் சத்தமும் வேண்டும்

பல தடங்களில் பதியும் வசதி வந்தது நல்லதற்குத்தான். தனியாக ஒரு பிள்ளை தன் அறையிலிருந்தே பாட்டு வெளியிடலாம். என் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது. நாளைக்கும் வெட்டுவேன். காற்றலையில் எட்டு நிமிடம் என்றால் எட்டு நிமிடம்தான்.

ஆனால் நிகழ்ச்சி வேறு, வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் குரல் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டது என் தவறு. அந்தப் பழைய கூடங்களில் ஒரு குரலைப் பிடித்தால் அந்த அறையே சேர்ந்து வந்துவிடும். தொடையைத் தட்டியவரும் வருவார். நான் ஒரு குரலை மட்டும் வைத்துக்கொண்டு அறையை அழித்துவிட்டேன். ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த இருவரில் ஒருவரைப் பதிவிலிருந்தே எடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் பேசுவதற்கு ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். இந்த வாரமே பேசவிடுங்கள். தனி அறைக்குக் கூட்டிப்போக வேண்டாம், அவர் வழக்கமாக உட்காரும் இடமே போதும். தொலைபேசியை அவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில் வையுங்கள். குறுக்கே பேசுகிறவரைத் தடுக்காதீர்கள். ஆரம்பத்தில் தேதியையும் அங்கே இருப்பவர்கள் பெயரையும் சொல்லிவிடுங்கள், வாத்தியக்காரர்களுக்கு நடந்தது நம் வீட்டு ஆட்களுக்கும் நடக்க வேண்டாம். வெட்டுவதென்றால் ஒரு நகலை வெட்டுங்கள். முழுப் பதிவை இரண்டு இடங்களில் வைத்துவிட்டு, தொடாமல் விடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியைப் பதிவு செய்தேன். அடுப்படியிலேயே, வெங்காயம் உரித்துக்கொண்டு பேசினார். ‘சர்வர் சுந்தரம்’ பற்றிக் கேட்டேன். “டவுன்லதான் பார்த்தோம்” என்று ஆரம்பித்தவர் சற்று நிறுத்தினார். “இல்ல... உங்க தாத்தா சொன்ன மாதிரி தோட்டத்துலயும் ஒரு தடவ போட்டாங்கதான்” என்றார்.

அப்போது குக்கர் விசிலடித்தது. பாட்டி எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார். மொத்தம் 47 நிமிடம். அப்படியே வைத்திருக்கிறேன்.